மார்கழிச் சென்னை: கச்சேரியும் ஊர் பார்த்தலும்

டிசம்பர் கடைசியில் சென்னைக்கு வரும் வெளியூர்க்காரர்களின், குறிப்பாக வெளிநாட்டில் குடியேறிய தமிழர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காலையில் கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் தேவாலயமும், மதியம் ஏதாவதொரு சபா கேண்டீனில் இலைச் சாப்பாடு, மாலையில் கச்சேரி, நடுவில் ஒருநாள் மாமல்லபுரம். இப்படி வருகிறவர்களால் மார்கழி இசைவிழா சுற்றுலாச் சரக்காகிவிட்டது என்று உள்ளூர் ரசிகர்கள் சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்காகச் சென்னையில் கூட்டம் கூடியபோது, அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாகத்தான் 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. வேறு வேலையாக ஊருக்கு வந்தவர்களும் பாட்டுக் கேட்கட்டும் என்ற ஏற்பாடு இந்த விழாவின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆகவே ஊர் பார்ப்பதையும் கலை நிகழ்ச்சிகளையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது தவறே அல்ல. எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது.

முதல் குறை நேரத்தைப் பற்றியது. கோயில் கோபுரத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்தாலும் பார்த்ததாகச் சொல்லலாம். கச்சேரியை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் வர்ணமும் முதல் இரண்டு கீர்த்தனைகளும் பாடகரின் குரலுக்கும் கேட்பவரின் காதுக்கும் ஆயத்தம். விரிவான ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம், அதன்பின் தனி ஆவர்த்தனம் என்று மையமான உருப்படி விரியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஒரே மாலையில் இரண்டு சபாக்களை முடித்துவிட எண்ணுகிறவர் முதல் கச்சேரியில் இந்தப் பகுதிக்கு முன்பே எழுந்துவிடுகிறார்; இரண்டாவதில் இது முடிந்தபின் போய்ச் சேருகிறார். இரண்டு அரங்குகளுக்குப் போயும் ஒரு ராகத்தைக்கூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கும்போது கூட்டமாக எழுந்து வெளியேறும் வழக்கம் உள்ளூர்க்காரர்களிடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் அடுத்த வாரம் வந்து கேட்டுக்கொள்ளலாம். ஐந்து நாளில் ஊர் திரும்புகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பகலில் பார்க்கும் இடங்களுக்கும் மாலையில் கேட்கும் இசைக்கும் தொடர்பு இருப்பதே பயணிக்குத் தெரியாமல் போகிறது. இத்தனைக்கும் சென்னையின் இசை வரலாறு அதன் தெருக்களிலேயே கிடக்கிறது. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் வாழ்ந்தது. ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய இசையை அவர் மகன் முத்துசுவாமி தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டையில் கேட்டார் என்றும், நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அதிலிருந்து பிறந்தன என்றும் சொல்வார்கள். பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டுக்கே அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார். கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய பீரங்கிகளையும் நாணயங்களையும் பார்த்துவிட்டு வரும் பயணிக்கு இதை யாரும் சொல்வதில்லை. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஜார்ஜ் டவுன். கோவூர் சுந்தரேச முதலியாரின் அழைப்பில் சென்னைக்கு வந்த தியாகராஜர் தங்கியது அங்கே பந்தர் தெருவில். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் தம் வீட்டில் வாசித்ததும் அந்தப் பேட்டையில்தான். அவர் பேத்தி பாலசரஸ்வதி 1973இல் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். சபா வாழ்வு மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் பெயர்வதற்கு முன்பு இசை குடியிருந்த இடம் ஜார்ஜ் டவுன். இன்றைய சுற்றுலா நிரலில் அதற்குப் பெயரே இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர்கால வெண்கலங்களும் அப்படித்தான். காலையில் அங்குள்ள நடராசரின் முன் சற்று நேரம் நின்றவர், மாலையில் கலாக்ஷேத்திராவில் ஆடுகிறவரின் உடல் நிற்கும் விதத்தைக் கூடுதலாகப் புரிந்துகொள்வார். எந்த விளக்கவுரையும் இந்த வேலையைச் செய்துவிட முடியாது.

புதிதாக வருகிறவரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது, தேர்ச்சி பெற்றவர் மட்டுமே கேட்கத் தகுந்தவர் என்று கதவடைப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. ராகம் அடையாளம் தெரியாதவருக்கு வேறொரு பிடிமானம் தேவை, அதை ஊர் தரும். பந்தர் தெருவில் நடந்துவிட்டு வந்தவருக்குத் தியாகராஜர் கீர்த்தனை அறிமுகமற்ற ஒலியாக இருக்காது. ஐந்து நாளில் எல்லாம் பார்க்க நேரம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. தியாகராஜர் திரிபுரசுந்தரி அம்மன்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய திருவொற்றியூரும், ஜார்ஜ் டவுனை ஒட்டிய மண்ணடியும் ஒரே மெட்ரோ பாதையில் இருக்கின்றன. மாமல்லபுரத்துக்குப் போய்வரும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சபாக்களையே சென்னையின் கலை முழுவதும் என்று எண்ணிக்கொண்டு திரும்புவதும் இந்தப் பயணங்களில் நேர்கிறது. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடமில்லை என்ற மனக்குறையில் 1943இல் எழுந்தது தமிழ் இசைச் சங்கம். ஜார்ஜ் டவுன் ஓரத்திலுள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில் அதன் விழாவும் டிசம்பரில்தான் நடக்கிறது, பண் ஆராய்ச்சியோடு சேர்ந்து. சாதியாலும் வர்க்கத்தாலும் சபா குறுகிவிட்டது என்ற விமரிசனத்தை முன்வைத்து 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பிலேயே ஒரு விழா தொடங்கினார்கள். பறையும் கரகமும் ஒயிலும் பூங்காக்களில் கட்டணமின்றி நிகழும் சென்னை சங்கமம் பொங்கலை ஒட்டி வருகிறது. ஜனவரி ஒன்றாம் தேதியோடு ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள் இதைக் காண்பதில்லை. அகாடமி ஜனவரி முதல் வாரத்தில் நடத்தும் நாட்டிய விழாவையும் தவறவிடுகிறார்கள். விடுமுறை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கட்டுப்பட்டது என்பது உண்மைதான். இரண்டு வாரம் தள்ளிவைக்க முடிந்தவர்களாவது தள்ளி வரலாம்.

பயண ஏற்பாட்டாளர்களுக்கும், உறவினரை வரவழைத்து ஊர் சுற்றிக்காட்டும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு ஒரு கச்சேரியை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். யாருடைய பாடல்கள், எந்த மரபு என்று கேட்டறிந்து, அதற்கேற்பப் பகலில் பார்க்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மூத்த வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். பல சபாக்களில் மதிய நேரத்தில் இளங்கலைஞர்கள் பாடுகிறார்கள், கட்டணம் கிடையாது. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் அந்த அரங்குகளுக்குக் கேட்பவர்கள் தேவை.