போன வருஷத்துப் பேச்சு

1986 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. டெலிவிஷனில் சான்ஸலர் ஹெல்முட் கோல் நாட்டு மக்களுக்குப் புத்தாண்டு உரை நிகழ்த்தினார். பிறக்கப்போகும் வருஷத்துக்கு வாழ்த்துச் சொன்னார். அவர் வாழ்த்திய வருஷம் 1986. அது முடியச் சில மணி நேரமே பாக்கியிருந்தது. நாடா மாறிவிட்டது, முந்திய டிசம்பரில் ஒளிபரப்பான உரையே மறுபடியும் போய்விட்டது. மறுநாள் சரியான உரையைப் போட்டார்கள்.

பண்டிகை நாள் ஒளிபரப்புகளில் நேர்ந்த அசம்பாவிதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை இது. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. நாடாவை மாற்றிப் போட்டது யாரோ ஒருவரின் கைப்பிசகு. அந்த நாடா அந்த இடத்தில் அவ்வளவு சுலபமாகப் பொருந்தியது யாருடைய பிசகு? ஒரு செய்தி அறிக்கையை ஒரு வருஷம் தள்ளிப் படித்தால் முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். வானிலை அறிவிப்பின் கதியும் அதுவே. புத்தாண்டு உரைக்கு மட்டும் வாழ்த்து வரைக்கும் ஓட முடிந்திருக்கிறது. அதைச் சந்தேகமில்லாமல் காட்டிக்கொடுத்தது வருஷத்தின் எண்.

நான் வங்கியில் குமாஸ்தா. ஜனவரி மாதம் கவுண்டருக்கு வரும் செக்குகள் பலவற்றில் பழைய வருஷம் இருக்கும். கை பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறது. திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். 2012க்கு முன்னால் ஆறு மாதம். பணம் சம்பந்தப்பட்ட காகிதத்துக்கு நாம் இவ்வளவு கறாராகக் கெடு வைத்திருக்கிறோம். சொற்களுக்கு யாரும் கெடு வைப்பதில்லை. காலாவதியான செக்கை நீட்டுகிறவர் கூச்சத்தோடு சிரிக்கிறார். காலாவதியான சொற்களை நீட்டுகிறவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கோல் விஷயத்தில்கூட வெட்கப்பட வேண்டியிருந்தது நிலையத்துக்குத்தான். எந்த வருஷத்துக்கும் பொருந்தும் உரையை எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் என்ன வருஷம் என்று பார்க்க வேண்டும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. சில நாட்களில் அதன் மேகம் ஜெர்மனியின் தெற்குப் பகுதிகளில் மழையாக இறங்கிற்று. குழந்தைகளை மணலில் விளையாட விடாதீர்கள் என்றார்கள், வயலில் விளைந்த கீரையை அழித்தார்கள், பாலைச் சோதித்தார்கள். ஜூன் மாதம் அந்த நாட்டில் சுற்றுச்சூழலுக்கென்று முதன்முதலாக மத்திய அமைச்சகம் ஏற்பட்டது. நவம்பர் 1 அன்று ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகருக்கருகே ஸாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு விஷம் ரைன் நதியில் கலந்து, நதி சிவந்து, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. இவ்வளவும் நடந்து முடிந்த வருஷத்தின் கடைசி இரவில், இவற்றில் எதுவும் நடக்காத ஒரு காலத்திலிருந்து அரசாங்கம் பேசியது. மழை இன்னும் பெய்யவில்லை. நதி இன்னும் சிவக்கவில்லை. பேசுகிறவரின் முகத்திலோ குரலிலோ இவற்றின் நிழல் இல்லை; இருக்க நியாயமுமில்லை, அது போன வருஷத்து முகம்.

இந்தப் பிசகு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். சம்பிரதாயப் பேச்சு அனுபவத்தைத் தொடாதது என்று நாம் பொதுவாகச் சொல்லிவருகிறோம். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியமே சம்பிரதாயமாகிவிட்டது. ஒரு நாடா அதைச் செய்முறையில் நிரூபித்தது. ஒரு தேசம் ஒரு வருஷம் முழுதும் பட்டதை உரையிலிருந்து மொத்தமாகக் கழித்துவிட்டாலும் உரை நிற்கிறது. கூட்டல் கழித்தலில் விடை மாறவில்லையென்றால் கழித்த தொகை பூஜ்யம் என்று பொருள்.

அப்போது தேர்தலுக்கு 25 நாட்கள் இருந்தன. சான்ஸலரின் கட்சிக்காரர்களில் சிலர் இது வேண்டுமென்றே செய்த வேலையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். இந்தச் சந்தேகம் உரையின் மீதான விமர்சனத்தை அவர்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிறது. பழைய பேச்சைப் போட்டால் மானம் போகும் என்று ஒருவர் பயப்படுவதானால், பேச்சுக்கும் காலத்துக்கும் சம்பந்தமில்லை என்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தானே அது? ஜனவரி 25 தேர்தலில் கோலின் அணியே ஜெயித்தது. மக்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதே ஜெர்மனியில் இதே இரவில், வேண்டுமென்றே திருப்பிப் போடப்படும் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ‘டின்னர் ஃபார் ஒன்’ என்று ஒரு சிறு நாடகம். ஏ.ஆர்.டி.யின் அங்கமான ஹாம்பர்க் நிலையம் 1963இல் பதிவு செய்தது. ஃப்ரெட்டி ஃப்ரின்டன், மே வார்டன் என்ற இரண்டு ஆங்கிலேய நடிகர்கள் ஆங்கிலத்திலேயே நடித்தது. 18 நிமிஷம். 1972 முதல் டிசம்பர் 31 தோறும் அதை ஜெர்மனியில் போடுகிறார்கள், ஜனங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். தொண்ணூறு வயதுச் சீமாட்டி தன் பிறந்தநாள் விருந்துக்கு நான்கு நண்பர்களை அழைக்கிறாள். நால்வரும் எப்போதோ செத்துப்போனவர்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே பட்லர் பரிமாறி, ஒவ்வொரு விருந்தாளிக்காகவும் தானே குடித்து, தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் தடுக்கித் தடுக்கி விழப்போகிறான். ஒரு தடவை தடுக்காமல் தாண்டிவிடுகிறான், அவனுக்கே ஆச்சரியம். போன வருஷம் போலவேதானா என்று அவன் கேட்பதும், எல்லா வருஷமும் போலவேதான் என்று அவள் சொல்வதும் திரும்பத் திரும்ப வருகிறது.

பெர்க்ஸன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ளது யந்திரம்போல் நடந்துகொள்ளும் இடத்தில் சிரிப்புப் பிறக்கிறது என்றார். அந்தப் பட்லர் இதற்கு நல்ல உதாரணம். அங்கே யந்திரத்தனம் ஒளிவு மறைவின்றி மேடையில் இருக்கிறது. திருப்பிச் செய்வதே அதன் விஷயம். செத்தவர்களை மேஜையில் உட்கார்த்திவைத்து விருந்து நடத்தும் மனித சுபாவத்தைப் பற்றி அது உண்மை பேசுகிறது. எத்தனை வருஷம் போட்டாலும் பழசாகாததற்குக் காரணம், அது புதுசு என்று சொல்லிக்கொள்ளாததுதான். சான்ஸலரின் உரையும் காலி நாற்காலிகளுக்குப் பரிமாறிய விருந்துதான். ஆனால் அது தன்னை இந்த வருஷத்துப் பேச்சு என்று சொல்லிக்கொண்டது. புலித்தலை அங்கே தரையில் கண்ணுக்குத் தெரியக் கிடக்கவில்லை; வருஷத்தின் எண்ணாக ஒளிந்திருந்தது. தடுக்கிற்று.

1986இல் கைப்பிசகாக நடந்ததைப் பிற்பாடு திட்டமிட்டே செய்யத் தொடங்கினார்கள். 2016 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் பி.பி.எஸ். டெலிவிஷன் வாஷிங்டனிலிருந்து சுதந்திர தின விழாவை நேரடியாக ஒளிபரப்பியது. வானம் மப்பாக இருந்ததால் வாணவேடிக்கை சரியாகத் தெரியவில்லை. முந்திய வருஷங்களின் படங்களை இடையிடையே சேர்த்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஜன்னலுக்கு வெளியே மேகம், திரையில் தெளிந்த வானம், நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தைச் சுற்றி மராமத்துச் சாரம் இருந்த காலத்தில் திரையில் சாரமில்லாத குவிமாடம். நிகழ்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தபோது, தேசபக்தியினால் செய்தோம் என்ற தோரணையிலும் பேசினார்கள். ஜெர்மனியில் போன வருஷம் பிசகாக வந்தது. வாஷிங்டனில் போன வருஷம் நன்றாயிருந்ததென்று வந்தது. ஒரு ராத்திரி மேகத்தைக்கூடத் தேசத்தால் தாங்க முடியவில்லை.

2014 பிப்ரவரி 7 அன்று ரஷ்யாவின் ஸோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. ஐந்து பனிப்பூக்கள் விரிந்து ஐந்து வளையங்களாக வேண்டும். நான்கு விரிந்தன, ஐந்தாவது மொட்டாகவே நின்றது. அரங்கத்தில் இருந்தவர்களும் வெளிநாட்டுப் பார்வையாளர்களும் நான்கு வளையங்களையும் ஒரு பூவையும் பார்த்தார்கள். ரஷ்ய டெலிவிஷன் உடனே ஒத்திகைப் படத்துக்கு மாறிக்கொண்டதால் சொந்த ஜனங்கள் மட்டும் ஐந்து வளையங்களைப் பார்த்தார்கள். விழாவைத் தயாரித்த கான்ஸ்டன்டின் எர்ன்ஸ்ட் இதை மறைக்கவில்லை; ஒலிம்பிக் சின்னத்தைக் காப்பாற்றுவது முக்கியமாகப் பட்டதென்றார். பிப்ரவரி 23 நிறைவு விழாவில் நடனக்காரர்கள் வளையங்களாக நின்றபோது ஐந்தாவது குழு சற்று நேரம் விரியாமல் நின்று, பிறகு விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சுய கிண்டல் என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலில் முழு மனசு இல்லை. முதல் நாள் நேர்ந்தது நிஜம். கடைசி நாள் நடந்தது அதன் ஒத்திகை பார்த்த நகல். தவறைக்கூடப் பயிற்சி கொடுத்து மேடையேற்றிவிட்டார்கள்.

மறைக்கவே முடியாமல் போன ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 31, நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர். பாடகி மரியா கேரி காதில் ஒலி சரியாக வரவில்லை என்று கூட்டத்தாரிடமே சொல்லிவிட்டுப் பாதியில் பாடுவதை நிறுத்தினார். முன்பதிவு செய்த குரல் மட்டும் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போயிற்று. உலகமே பரிகசித்தது. மற்ற சம்பவங்களோடு வைத்துப் பார்த்தால் பரிகசிக்கத் தோன்றவில்லை. குரல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்ற அந்தச் சில நிமிஷங்கள்தான் அந்த இரவின் ஒளிபரப்பில் அந்த இரவுக்கு மட்டுமே சொந்தமானவை.

அப்படியானால் விபத்துகளைக் கொண்டாட வேண்டும் என்கிறேனா? இல்லை. அதற்கும் கடை விரித்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஐ.டி.வி. 1977லேயே டெனிஸ் நார்டனை வைத்து ஒளிபரப்புத் தவறுகளைத் தொகுத்துச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. தொகுப்பில் சேர்ந்த தவறு நகம் வெட்டிய பூனை. அடுத்த பண்டிகைக்கு அதையே மறுபடி போடலாம். விபத்துக்கென்று தனி மதிப்பு ஒன்றும் கிடையாது. அது ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு ஓடிவிடுகிறது. கேள்வியைப் பிடித்துவைத்துக்கொள்வது விமர்சகன் வேலை. கேள்வி இதுதான்: இதில் போன வருஷம் சொல்லியிருக்க முடியாத வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா?

நம் தீபாவளி மலர்களையும் பொங்கல் பட்டிமன்றங்களையும் இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்துவது மிகவும் சுலபம். சுலபம் என்பதாலேயே அதில் எனக்கு உற்சாகம் இல்லை. பெரும் பத்திரிகைகளைத் திட்டுவதும் நம் வட்டத்தில் வருஷந்தோறும் திருப்பிப் போடப்படும் நாடாதான்.

நானும் வருஷக் கடைசியில் அந்த வருஷத்துக் கவிதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன். இதை எழுத உட்காருமுன் என்னுடைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கவிஞர்களின் பெயர்கள் வேறு. தொகுதிகளின் பெயர்கள் வேறு. ‘நம்பிக்கை தருகிறது’ இரண்டிலும் இருக்கிறது. ‘மொழியில் இன்னும் இறுக்கம் தேவை’ இரண்டிலும் இருக்கிறது. ‘தேக்கம்’ என்ற சொல் முதல் கட்டுரையில் நான்கு இடத்தில், இரண்டாவதில் ஐந்து இடத்தில். பெயர்களை மூடிவிட்டுப் படித்தால் எது எந்த வருஷத்தது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. அச்சகத்தில் யாராவது மாற்றிக் கோத்திருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், கவிஞர்களைத் தவிர.

இந்த வருஷக் கட்டுரையை இன்னும் எழுதவில்லை. ஆசிரியர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு கவிதையைப் பற்றி, அது இந்த வருஷம் எனக்கு என்ன செய்தது என்று மட்டும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பக்கம் குறையும் என்றார். குறையட்டும்.