கோபுரமிழந்த தேவாலயம்: வில்லியம் கிறிஸ்டன்பெரியின் நிழற்படங்கள்

பழைய நாட்டுப்புறத் தேவாலயத்தைப் படமெடுப்போர் பெரும்பாலும் அதன் பழமையை மட்டுமே எடுக்கின்றனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தவரான வில்லியம் கிறிஸ்டன்பெரி (1936–2016) இவ்வழக்கினின்று வேறுபடுகிறார். ஓவியரான இவர், பிரவுனி என்னும் எளிய கோடாக் படக்கருவியைத் தம் ஓவியங்களுக்குத் துணையாகவே முதலில் கையாண்டார். அப்படங்களைத் தம்மளவில் மதிக்குமாறு ஊக்கியவர், 1936இல் அலபாமாவின் ஹேல் மாவட்டத்தில் குழந்தையொன்றின் புதைமேட்டைப் படமெடுத்த வாக்கர் எவன்ஸ்.

ஸ்ப்ராட் என்னும் சிற்றூரின் வெண்ணிற மரத் தேவாலயத்தை 1971இல் கிறிஸ்டன்பெரி எடுத்தபோது, முகப்பில் இரு கோபுரங்கள் இருந்தன. 1990ஆம் ஆண்டுப் படத்தில் அவை இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால்தான், மக்கள் கைபட்டு மாறிவரும் கட்டடம் அது என்பது விளங்கும். ஆண்டுதோறும் ஊர்திரும்பிய அவருடைய வழக்கத்தின் பயன் இது.

ஆயினும் கல்லறைப் படங்களையே நாம் மேலானவையாகக் கருதுகிறோம். ஹேல் மாவட்டத்துக் கல்லறை ஒன்றில் முட்டைப் பெட்டிகளாலான சிலுவை நிற்கிறது (1975). இத்தகைய பொருளை விந்தையாக்கிவிடுவது எளிது. பயண நூல்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன. கிறிஸ்டன்பெரியின் படத்திலோ அது ஒருவர் நினைவாக மற்றொருவர் செய்த பொருளாகவே நிற்கிறது. எனினும் பெருங்குறை ஒன்றுண்டு. தேவாலயத்திற்கு வந்தோரையும் சிலுவையைச் செய்தவரையும் இப்படங்களில் காணோம். படத்தின் தலைப்பு மாவட்டத்தைக் குறிக்கிறது. அங்குப் புதைக்கப்பட்டவர் யாரென்று கூறவில்லை.