குடத்துள் இடப்படாத ஓலை

விளையாட்டைப் பற்றிய பேச்சினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. கவிதையையும் நாவலையும் மதிப்பிட அளவுகோல்கள் வேண்டும் என்று வாதிடும் நாம், மாலை வேளைகளில் விடுதிப் பொது அறையில் நிகழும் கிரிக்கெட் விவாதத்தை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுகின்றோம். ஆயினும், ஒன்றை நயத்தல், பிறிதொன்றுடன் ஒப்பிடல், காரணங்காட்டித் தீர்ப்புக் கூறல் ஆகிய மூன்றும் திறனாய்வின் கூறுகளெனின், ஓர் அணி இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் வேளையில் இரசிகர் நிகழ்த்தும் விவாதமும் ஒருவகைத் திறனாய்வே. அதன் அளவுகோல்கள் எவை, அவை எதனைக் காண்கின்றன, எதனைக் காணத் தவறுகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்னும் முதிராத திறனைத் தெரிவுசெய்வதை ஒரு நிறுவனமாகவே வளர்த்தெடுத்தது அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டமாகும். அங்கு 1965 இல் தொடங்கிய முறையின்படி, பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆடும் தொழில்சாரா இளைஞரை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவுசெய்கின்றன. முந்திய ஆண்டிற் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஒவ்வோர் ஆண்டும் அத்தெரிவுகளை இரசிகர் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்வர். நம் நாட்டில் இதற்கு அண்மையது, 2020 இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் தொடருக்கான வீரர் தெரிவாகும். முதலில் முறைவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கமும், 2023 முதல் ஏலமும் அதிற் கையாளப்பட்டன. கண்டி, யாழ்ப்பாணம், காலி, கொழும்பு, தம்புள்ளை ஆகிய பெயர்களிலே அணிகள் அமைந்தமையால், எவரைத் தெரிவுசெய்தனர் என்ற வினா, எம்மைத் தெரிவுசெய்தனரா என்ற வினாவாகவும் மாறியது.

பேராதனையில் நான் செவிமடுத்த விவாதங்களை மூவகையாக வகுக்கலாம்.

முதலாவது, விளைவைக் கொண்டு தெரிவை அளப்பது. தெரிவுசெய்யப்பட்டவன் வென்றால் தெரிவு சரி, தோற்றால் பிழை. “நான் அன்றே சொன்னேன்” என்பதே இவ்வகை விமர்சகரின் நிலையான வாக்கியம். இதன் குறைபாட்டைக் கண்டியின் மைந்தர் ஒருவரது வரலாறே காட்டும். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராயிருந்து, பயிற்றுநரின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறிய முத்தையா முரளிதரன், 1990/91 பருவத்தில் நாட்டின் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரராகத் தெரிவானார். 1991 இல் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்து சென்று, ஐந்து போட்டிகளில் ஆடியும் ஒரு விக்கெட்டையேனும் வீழ்த்தவில்லை. அன்று விளைவை மட்டும் நோக்கித் தீர்ப்பளித்திருப்பின், அத்தீர்ப்பு யாதாயிருக்கும்? மறு ஆண்டிலேயே, 1992 ஆகஸ்டில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் டெஸ்ட் களம் புகுந்தார். 2010 இல் 800 விக்கெட்டுக்களுடன் விடைபெற்றார். ஐந்து போட்டிகளின் வெறுமைக்கு அப்பால் நோக்கிய எவரோ இருந்தமையால் அது நிகழ்ந்தது.

இரண்டாவது, எண்களைக் கொண்டு அளப்பது. ஓட்டங்கள், விக்கெட்டுக்கள், சராசரி ஆகியன ஊகத்தைக் கட்டுப்படுத்துவதால், முதல் வகையினும் இது மேலானதே. எனினும் எண்ணும் ஒரு சூழலின் விளைபொருளாகும். அமெரிக்காவில் 1966 இல் முதலாவதாகத் தெரிவுசெய்யப்பட்ட ஸ்டீவ் சில்கொட் தலைமை லீக்கில் ஒரு போட்டியேனும் ஆடவில்லை. அவருக்கு அடுத்துத் தெரிவான ரெஜி ஜாக்சன் புகழ்மண்டபம் ஏகினார். 1988 இல் 62 ஆம் சுற்றில், 1,390 ஆவது ஆளாகப் போனாற்போகட்டும் என்று எடுக்கப்பட்ட மைக் பியாஸா 2016 இல் அதே மண்டபத்தில் இடம்பெற்றார். இந்நிகழ்ச்சிகள் வியப்புக்குரியன மட்டுமல்ல. அளவையின் எல்லையையும் உணர்த்துவன. பியாஸாவின் பெயர் கடைக்கோடியிலேனும் பட்டியலில் இருந்தது என்பதை மட்டும் ஈண்டு மனங்கொள்வோம்.

மூன்றாவது, உரிமையைக் கொண்டு அளப்பது. “அவன் எங்கள் பெடியன், அவனை ஏன் இறக்கவில்லை?” என்பது இதன் தொனி. 2020 இல் யாழ்ப்பாண அணியில் வடக்குக் கிழக்குத் தமிழ் இளைஞர் சிலர் சேர்க்கப்பட்டபோது இக்குரல் உரத்து ஒலித்தது. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், சூரியவெவவிற் களமிறங்கி அஞ்சலோ மத்தியூசை ஆட்டமிழக்கச் செய்தார். அன்று பொது அறைகளில் எழுந்த ஆரவாரத்தைக் குறுகிய இனப்பற்று என்று ஒதுக்குதல் எளிது. ஆனால் அது நேர்மையன்று. நெடும் போரினால் மைதானங்களை இழந்த ஒரு பிரதேசம், தன் பெயரை ஆட்டத்தின் பதிவேட்டிற் காண விரும்புவது இயல்பே. அதேவேளை, பெயருக்காகச் சேர்த்து இருக்கையில் அமர்த்திவைப்பதும் மதிப்பாகாது. அணிக்கு ஒரு தமிழ் முகம் வேண்டும் என்பதற்கும், இவ்விளைஞனின் சுழல் வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உரிமைவாதம் பலவேளை மறந்துவிடுகின்றது. வியாஸ்காந்த் 2024 இல் இந்தியாவின் ஐ.பி.எல். தொடரில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது, அவரை வேண்டி அழைத்தது திறனேயன்றி ஊர்ப் பெயரன்று.

இம்மூவகை விவாதமும் தம்முள் முரணினும் ஒன்றில் உடன்படுகின்றன. மூன்றும் பட்டியலுக்குள்ளேயே நின்று வாதிடுகின்றன. பட்டியல் எவ்வாறு தோன்றியது என்று அவை வினவுவதில்லை.

தெரிவு பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் இதற்கென ஒதுக்கினார். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட, சிறுவன் ஒருவன் அவற்றை எடுப்பான். எடுக்கும் கை களங்கமற்றது. ஆயின் ஓலை குடத்துள் புகுவதற்கே கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் வேண்டும். உழுதவன் ஓலை குடத்தை அடையவே இல்லை. சிறுவனின் கை நேர்மையானதா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் அநீதி கையில் இல்லை, குடத்தின் வாயிலில் இருந்தது.

கண்டியின் குடத்தை இனி நோக்குவோம். திருத்துவக் கல்லூரியும் புனித அந்தோனியார் கல்லூரியும் 1914 முதல் பொருதிவரும் மலைநாட்டுப் பெருஞ்சமர் இந்நகரின் ஆண்டுத் திருவிழாக்களுள் ஒன்று. அஸ்கிரியவில் திருத்துவக் கல்லூரிக்கு டெஸ்ட் போட்டிகள் நடைபெற்ற மைதானமே உண்டு. குமார் சங்கக்கார அக்கல்லூரியினர். அத்தகைய பாடசாலையின் மாணவன் புற்றரையிலே கடினப்பந்தில் ஆடுகின்றான். அவனது ஓட்டம் பதிவாகின்றது. தெரிவாளர் பார்வை அவன்மீது படுகின்றது. அதே நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தெல்தோட்டை, கலகா, ரங்கலைத் தோட்டங்களிலும் கிரிக்கெட் உண்டு. அது மென்பந்து. ஆடுகளம் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள மண்தரை. அங்கு எடுத்த விக்கெட்டை எந்தப் பதிவேடும் அறியாது.

முரளிதரனின் தந்தைவழிப் பாட்டனார் 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர். அவரது மகன் தொழில் நடத்தி முன்னேறியமையும், பேரன் கட்டுகஸ்தோட்டைக் கல்லூரியிற் பயில நேர்ந்தமையும் கூடியே அந்தச் சுழலை உலகின் கண்ணிற் பட வைத்தன. மணிக்கட்டு அவருடையது, வாய்ப்பு ஒரு குடும்பம் லயத்தை விட்டு வெளியேறிய வரலாற்றினுடையது. மலையகத்தின் வெற்றியாக அவரை நாம் கொண்டாடுகின்றோம். லயத்திலேயே தங்கியவரின் பேரர்களைப் பற்றி அக்கொண்டாட்டம் எதனையும் கூறுவதில்லை.

என் சொந்தத் தோட்டத்தில் ஒருவன் இருந்தான். மென்பந்தை இருபுறமும் திருப்புவான். அவன் பந்துக்குப் பெரியவர்களே தடுமாறுவர். எங்கள் பாடசாலையிற் கடினப்பந்து அணி இருக்கவில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, இன்று கொழும்பில் ஒரு கடையில் நிற்கின்றான். அவன் முரளிதரனாகியிருப்பான் என்று கூற எனக்கு உரிமையில்லை. ஆகியிருக்கமாட்டான் என்று கூற எவருக்கும் சான்றில்லை. நான் வலியுறுத்த விழைவதும் இச்சான்றின்மையையே.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். சமூக ஏற்றத்தாழ்வை நீக்குதல் அணித் தெரிவாளரின் கடமையா, தம்முன் இருப்போருள் வல்லவரைத் தெரிவதே அவர்தம் கடமையன்றோ என்பர் சிலர். உண்மையே. ஆயின் இங்கு நான் வினவுவது தெரிவாளரை அன்று, விமர்சகரை. இலக்கியத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கவேண்டும் என்று பேராசிரியர் க. கைலாசபதி வற்புறுத்திய இப்பல்கலைக்கழகத்திலே, நாவலுக்கு அவ்வளவுகோலையும் விளையாட்டுக்கு வேறோர் அளவுகோலையும் நாம் வைத்திருத்தல் பொருந்துமா? அச்சேறிய நூல்களை மட்டும் வைத்து ஒரு மொழியின் ஆற்றலை அளப்பவன் வாய்மொழியை இழக்கின்றான். பட்டியலை மட்டும் வைத்து ஒரு நாட்டின் ஆற்றலை அளப்பவன் நிலையும் அதுவே.

விவாதத்தைக் கைவிடுக என்று யான் கூறவில்லை. அதன் இன்பத்தை நானும் அறிவேன். யாழ்ப்பாண அணி 2020 முதல் 2024 வரையிலான ஐந்து தொடர்களில் நான்கை வென்றபோது என் குரலும் அப்பொது அறையில் ஒலித்தது. அடுத்த தெரிவுப் பட்டியல் வெளிவரும் நாளில், யார் முதல், யார் கடை என்று வாதிட்டு முடித்தபின், மேலும் ஒரு வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்: எவர் ஓலை குடத்துள் இடப்படவில்லை? ஹந்தானை மலைச்சரிவில் மாலைதோறும் எழும் மென்பந்தின் ஓசை நம் விடுதிச் சாளரம் வரை கேட்கத்தான் செய்கின்றது.