'தீன்' என்னும் சொல்லும் ஆட்சி என்னும் பொருளும்

தில்லி மந்திர் மார்க் சாலையின் பெயரில் உள்ள 'மார்க்', தமிழில் 'மார்க்கம்' என வழங்கும் வடசொல்லின் இந்தி வடிவம். தில்லியில் அது தெருப்பெயர்களின் ஈறு. தமிழ் முஸ்லிம்களிடத்திலோ 'தீன்' என்னும் அரபுச் சொல்லுக்கு நிகரன். அச்சாலையிலுள்ள வால்மீகி கோயிலில் காந்தியடிகள் தங்கியிருந்தபோது, 1947 ஏப்ரலில், வழிபாட்டுக் கூட்டத்தில் குர்ஆன் ஓதுவதற்கு எதிர்ப்பு எழுந்து வழிபாடு தடைப்பட்டது. அதே ஆண்டில் அவர், இராமராஜ்யம் என்பது இந்துக்களின் ஆட்சி அன்று, 'குதாயி ராஜ்' என்பதே அதன் பொருள் என்றும் விளக்கினார். மொழிபெயர்ப்பு என்ற அளவில் அதில் குறையில்லை. கேட்டோர் பலர் அதனை ஏற்கவில்லை. சமயச் சொல் அரசியலைப் பேசத் தொடங்கும்போது அகராதிப் பொருள் மட்டும் போதுவதில்லை. இதற்குத் 'தீன்' என்னும் சொல்லின் அண்மைக்கால வரலாறு தக்க சான்றாகும்.

1941இல் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தோற்றுவித்த அபுல் அஃலா மௌதூதி, குர்ஆனின் நான்கு அடிப்படைக் கலைச்சொற்களை ஆராய்ந்து உருதுவில் ஒரு நூல் எழுதினார். இலாஹ், ரப்பு, இபாதத், தீன் என்பன அந்நான்கு. தீன் என்பதற்கு மேலாதிக்கம், கீழ்ப்படிதல், சட்டம் அல்லது வழிமுறை, கணக்குக் கேட்டுக் கூலி வழங்குதல் என நான்கு பொருள்களைக் காட்டி, குர்ஆன் இவற்றை ஒன்றாக்கி ஒரு முழு வாழ்க்கை அமைப்பைக் குறிக்கும் கலைச்சொல்லாக ஆக்கியது என்பது அவர் முடிபு. அரசதிகாரம் அவ்வமைப்பின் உறுப்பாகிவிடுகிறது. பிற்காலத்தார் இச்சொற்களின் முழுப்பொருளை மறந்தனர் என்றும் அவர் கூறினார்.

மொழியியலார் இங்குச் சற்று நிற்க வேண்டும். ஒரு சொல் வெவ்வேறு இடங்களில் பெறும் பொருள்களையெல்லாம் கூட்டி, அத்தொகையை ஒவ்வோரிடத்திலும் ஏற்றிப் படிப்பது பிழை என்பதை விவிலிய ஆய்வில் ஜேம்ஸ் பார் 1961இல் விரிவாக எடுத்துக்காட்டினார். மௌதூதியின் முறைக்கும் அக்கண்டனம் பொருந்தும். தமிழ் மொழிபெயர்ப்புகளையே பார்க்கலாம். முதல் அத்தியாயத்தில் நாளோடு சேர்ந்து வரும் தீன் 'தீர்ப்பு' ஆகிறது. 12ஆம் அத்தியாயம் 76ஆம் வசனத்தில் எகிப்திய அரசனோடு சேர்ந்து வரும் தீன் 'சட்டம்' ஆகிறது. 109ஆம் அத்தியாயத்தின் இறுதியில் அதுவே 'மார்க்கம்'. இதனை ஒருமைப்பாடின்மை எனக் குறை கூறுவாரும் உளர். என் கருத்தில் இதுவே சரியான நெறி. எகிப்திய அரசனின் தீன் சட்டத்தைக் குறிப்பதால், வரும் இடமெல்லாம் தீனுக்குள் ஓர் அரசன் அமர்ந்திருக்கிறான் என்று கொள்ள இயலாது.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர்க்கு இச்சிக்கல் எழவில்லை. அவர் தீன் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, முஸ்லிம்களைத் தீனவர் என்றார். (எளியோரைக் குறிக்கும் 'தீனர்' என்னும் வடசொல் அருகிருந்தும் அவர் தயங்கவில்லை!) இன்றைய மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வுரிமை குறைவு. 'மதம்' என்றால் நம்பிக்கை தனிமனிதரின் உள்ளத்தோடு முடிந்துவிடுகிறது. கொடுக்கல் வாங்கல், திருமணம், வாரிசுரிமை ஆகியன வெளியே நின்றுவிடும். 'வாழ்க்கைத் திட்டம்' என்றால் அரசு உள்ளே வந்துவிடும். 'மார்க்கம்' இரண்டுக்கும் இடைப்பட்டது. நடப்பவனையும் நடக்கும் வழியையும் நினைவூட்டுகிறதேயன்றி, வழியில் காவல் நிற்பவனை நினைவூட்டுவதில்லை.

மௌதூதியின் விளக்கத்துக்கு வலுவான மறுப்பு அவ்வியக்கத்துக்குள் இருந்தவரிடமிருந்தே வந்தது. ஜமாஅத்தில் பல்லாண்டு பணியாற்றி விலகிய வஹீதுத்தீன் கான், 1963இல் 'தஅபீர் கீ கலதீ' என்னும் நூலை வெளியிட்டார். 'விளக்கத்தின் பிழை' எனலாம். பின்னர் தில்லியில் வாழ்ந்து 2021இல் மறைந்த அவர், அரசியல் இஸ்லாத்தில் இல்லை என்று சொல்லவில்லை. சூழலைப் பொறுத்து வரும் ஒரு பகுதியை முழுமைக்கும் அச்சாணியாக்கியதே பிழை என்றார். இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவே அவர் கருத்தில் மையம். இலக்னோவின் அபுல் ஹசன் அலி நத்வியும் மௌதூதியை மறுத்தார். ஒரு சமுதாயம் தன் மூலச்சொற்களின் பொருளையே பல நூற்றாண்டு மறந்திருந்தது என்னும் கூற்றை அவர் ஏற்கவில்லை. வழக்காறே பொருளை நிறுவும் என்று கொள்ளும் நமக்கு இவ்வாதம் புதிதன்று.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 17 கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் உள்ளனர். ஆட்சி தீனின் உறுப்பு எனில், சமயச்சார்பற்ற அரசின்கீழ் வாழும் இவர்களின் தீன் குறைவுடையதாகிவிடும். அக்குறையைச் சுமத்துவது வேதமா, அதற்குச் செய்த விளக்கமா என்பதே வினா.

விவாதம் கூர்மையாவது 42ஆம் அத்தியாயம் 13ஆம் வசனத்தில். நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா ஆகியோர்க்கும் இடப்பட்ட கட்டளையாக அங்குத் தீனை 'இகாமத்' செய்தல் பேசப்படுகிறது. அவர்களின் சட்டங்கள் வேறுபட்டவை; ஆதலின் அங்குத் தீன் அனைவர்க்கும் பொதுவான அடிப்படையையே சுட்டும் என்பது கானின் வாதம். தமிழில் இவ்வினையை 'நிலைநாட்டுதல்' என எழுதுகிறோம். தமிழ்ச் செவிக்கு உடனே செங்கோலும் வெற்றியும் தோன்றுகின்றன. ஆனால் அதே அரபு வினை குர்ஆனில் தொழுகையோடு பன்முறை வருகிறது. அங்கும் 'தொழுகையை நிலைநாட்டுங்கள்' என்று மொழிபெயர்ப்பார் உண்டு. அதைப் படித்து எவரும் கோட்டையை நினைப்பதில்லை, காலந்தவறாது தொழுவதையே நினைக்கின்றனர்.