யானைத்தீயும் கொழுப்பும்

'கொழுப்பு' என்ற ஒரே சொல்லால் உடம்பில் படியும் நெய்யையும் பெண்ணின் திமிரையும் தமிழில் சொல்லிவிடலாம். "உனக்குக் கொழுப்புடி" என்று திட்டுகிறவர் எடையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனாலும் எடை கூடிய பெண்ணைக் கண்டால் அந்தத் திட்டு தானாகவே பார்வையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தின்று கொழுத்தவள். ஆய்க்குடிப் பக்கம் இன்னும் சுருக்கமாகக் கேட்பார்கள்: "அவளுக்கு என்ன கொறச்சல்?"

மணிமேகலையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் காயசண்டிகையிடம் நின்றுவிடுகிறேன். வித்தியாதரப் பெண்ணான அவள் கணவன் காஞ்சனனோடு பொதியில் மலைக்கு வருகிறாள். அது எங்கள் ஊர் வயல்வரப்பில் நின்றால் மேற்கே தெரிகிற மலைத்தொடர். விருச்சிக முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்பதற்காக வைத்திருந்த நாவற்கனியை அங்கே காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். வான்வழி செல்லும் மந்திரம் மறந்துபோகும், யானைத்தீ என்னும் பெரும்பசி பன்னிரண்டு ஆண்டு வாட்டும் என்பது அவள் பெற்ற சாபம். நடந்ததை அவளே சொல்கிறாள். செருக்கோடு போனேன் என்று அவள் வாயாலேயே காப்பியம் சொல்ல வைக்கிறது. செருக்கு, கொழுப்பு, தீராத தீனி என்ற வரிசை நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது.

எவ்வளவு உண்டும் அடங்காத பசி, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடியில் அடங்குகிறது. அன்னதானத்தின் பெருமை என்றுதான் இதை வழக்கமாக விளக்குகிறோம். எனக்கு அது போதவில்லை. காப்பியம் அவளுடைய பருமனைப் பேசவில்லை, பசியைத்தான் பேசுகிறது. இருந்தாலும் வயிறு நிறைவதும் உடம்புக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் வேறில்லை.

உடல் நிறை எண் 40ஐத் தாண்டிய பெண்ணின் ரத்தத்தைச் சோதித்தால் இரும்பு, வைட்டமின் டி, பி12, ஃபோலேட் குறைந்திருப்பது அபூர்வமான செய்தி அல்ல. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. கூடுதல் கொழுப்புத் திசு அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள, ரத்தத்தில் அளவு இறங்குகிறது. இரும்பின் கதை இன்னும் சிக்கல். பருமனோடு வரும் மெல்லிய, ஓயாத அழற்சி கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ஏறுவதைத் தடுக்கிறது, சேமிப்பில் உள்ளதையும் வெளியே விடுவதில்லை. சேமிப்பை அளக்கும் ஃபெரிட்டின் அழற்சியால் உயர்ந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் பி12 மேலும் குறையக்கூடும்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள் இரண்டு வெவ்வேறு கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருத்தி பணக்காரி, இன்னொருத்தி ஏழை. தென்காசி வட்டாரத்தில் மடியில் தட்டை வைத்து நாள் முழுக்க வீட்டுக்குள் பீடி சுற்றும் பெண்ணைப் பாருங்கள். தட்டு நிறைய ரேஷன் அரிசிச் சோறு, கொஞ்சம் குழம்பு. காய், முட்டை, மீன் எல்லாம் மற்றவர்களுக்குப் போட்டது போக மிஞ்சினால்தான். வெயில் மேலே படுவதில்லை. எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, பாதம் மரத்துப்போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19 என்று பரிந்துரைத்தது. நம் வீடுகளில் பரிமாறும் வரிசையோ இதற்கு நேர்மாறு.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு சமையலறை வருகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக்கூடாதென்று கதவை அடைத்துவிட்டு உண்கிறார்கள். நம் இலக்கியம் அறிந்த பசி அது, ஒல்லியான பசி. அதைப் படித்து நாம் கண்கலங்குகிறோம். பருத்த உடம்பின் பசிக்கு நம்மிடம் நகைச்சுவைக் காட்சிகள்தான் மிச்சம். (கீரையாவது அந்தப் பானையில் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது, வறுமையைப் புகழ்ந்ததாகிவிடும், வேண்டாம்.)

களைப்பு என்று போகிற பெண்ணிடம் "முதலில் எடையைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிற மருத்துவ அறைகளை மாணவிகள் பலர் அறிவார்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. அவளும் ஒருவேளைச் சோற்றை நிறுத்துகிறாள். இருந்த கொஞ்சம் சத்தும் போகிறது. இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் போகிறவளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பழைய குறையைக் கண்டறிந்து சரிசெய்யாமல் குடலின் வழியை மாற்றினால் உறிஞ்சுதல் மேலும் குறையும். தொடர்ந்து வாந்தி எடுத்தால் தயமின் வற்றி மூளையே பாதிக்கப்படலாம். மாத்திரைகளும் சோதனைகளும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். அந்தச் செலவுக்கு வீட்டில் யாரிடம் கை நீட்டுவாள்?

காயசண்டிகையிடம் திரும்புகிறேன். தன் பசி எரியும்போதே, முதல் பிச்சையை ஆதிரையிடம் பெறு என்று மணிமேகலைக்கு வழி சொன்னவள் அவள். உதயகுமரனின் கண்ணிலிருந்து தப்ப மணிமேகலை எடுத்துக்கொள்வதும் அவள் உருவத்தைத்தான். பசிநோய்க்காரியின் உடம்பை எவனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. பசி தீர்ந்தபின் அவள் ஒருவேளைகூட நிம்மதியாக உண்பதைக் காப்பியம் நமக்குக் காட்டவில்லை. காஞ்சனன் அவளைத் தேடி வந்தபோது கந்திற்பாவை சொல்கிறது: விந்தமலைக்கு மேலாகப் பறந்தாள், விந்தாகடிகை அவள் நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டாள்.