துணியோடு நின்றுவிடும் விதி

தேசியக் கொடியை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது, எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்பதை 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு நுணுக்கமாக வகுத்திருக்கிறது. நீள அகலம் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். ஏற்றும்போது விரைவாக ஏற்றி, இறக்கும்போது மெதுவாக இறக்க வேண்டும். காவி மேலே வர வேண்டும். கிழிந்ததையும் கசங்கியதையும் ஏற்றக் கூடாது. தரையிலோ தண்ணீரிலோ படவிடக் கூடாது. இவற்றை வெற்றுச் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அதை ஏற்க முடியவில்லை. கொடியில் எழுத்துப் பொறிக்கக் கூடாது, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடுகள்தாம் அதை எந்தக் கட்சியும் கடையும் சொந்தமாக்கிக்கொள்ளாமல் காத்து வருகின்றன. தலைமைச் செயலகத்தில் பறப்பதற்கும் ஓட்டு வீட்டு வாசலில் பறப்பதற்கும் அடிப்படை மரியாதை விதிகள் ஒன்றே என்பதில் ஒரு சமத்துவமும் இருக்கிறது. (காரில் கொடி கட்டும் உரிமை மட்டும் இன்னும் குறிப்பிட்ட பதவியாளர்களுக்கே.) குறை வேறு இடத்தில் இருக்கிறது. விதி துணியை உற்றுப் பார்க்கிறது. அதை நெய்பவரையும் ஏற்றுபவரையும் குப்பையிலிருந்து பொறுக்குபவரையும் அது ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை.

குடிமக்கள் ஆண்டு முழுவதும் கொடியேற்ற வழி பிறந்தது தொழிலதிபர் நவீன் ஜிண்டால் நடத்திய நெடிய வழக்கினால். கொடியை மரியாதையுடன் பறக்கவிடுவது கருத்துரிமையின் ஒரு வடிவம், ஆனால் அது வரம்பற்ற உரிமை அல்ல என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை விரிந்தது சரிதான். கூடவே வர வேண்டிய ஏற்பாடுதான் வரவில்லை. 2021 டிசம்பர் திருத்தம் கதரோடு பாலியெஸ்டர் கொடிக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் இடம் கொடுத்தது. 2022 ஜூலையில், வீடுகளில் இரவிலும் கொடி பறக்கலாம் என்றானது. அடுத்த மாதமே ‘வீடுதோறும் மூவண்ணம்’ இயக்கத்துக்காக அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி விற்றார்கள். ஆனால் பழுதான கொடியைத் தனியிடத்தில், முழுமையாக, முடிந்தவரை எரித்து அழிக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை அப்படியே நிற்கிறது. கதர் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி நச்சுப்புகை கக்கும். மரியாதைக்கு ஏற்ற வேறு முறையும் உண்டு என்று விதி சொல்கிறது. அது எது என்று சொல்லவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் எந்தத் தனியிடத்தைத் தேடுவார்? 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கொடிகளைத் தடைசெய்த அரசுக்கு, பாலியெஸ்டரும் பிளாஸ்டிக் இழைதான் என்பது தெரியாததல்ல.

கதர் மட்டும் என்றால் ஏழை வீட்டில் கொடி பறக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விலை குறைந்த கொடி வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஹூப்ளி அருகே பெங்கேரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்றோடு கதர்க் கொடி தயாரிக்கும் கூட்டமைப்பின் தொழிலாளர்கள், திருத்தத்தால் தங்கள் பிழைப்பு போகும் என்று போராடினார்கள். அவர்களுக்கு ஒரு மாற்றையும் விதி யோசிக்கவில்லை. விற்ற அஞ்சலகமே பழைய கொடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எளிய ஏற்பாட்டையும் யோசிக்கவில்லை. ஆகஸ்ட் 16 காலையில் தெருவில் கிடப்பதைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளரிடம்தான் கடைசியில் அந்த மரியாதையின் சுமை வந்து சேர்கிறது.

தண்டனைப் பயம் இல்லாவிட்டால் மரியாதையே இருக்காது என்பது இன்னொரு வாதம். கொடியை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேண்டுமென்றே செய்யும் இழிவுக்கு அது இருக்கட்டும். ஆனால் சட்டம் கையில் இருந்தால் யார்மேல் பாயும் என்பதற்குக் கோவை வழக்கு போதும். 2013 கிறிஸ்துமஸ் விழா ஒன்றில் மூவண்ண இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் போட்ட கேக்கை வெட்டியது குற்றம் என்று புகார் போனது. அதில் அவமதிப்பு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2021 மார்ச் வரை ஆனது. ஒரு கேக்குக்கு ஏழாண்டுக்கு மேல்! இப்படி மிரட்டினால் மக்கள் கொடியைத் தொடவே தயங்குவார்கள். தொடாத பொருளை யாரும் பேணுவதில்லை.

கேக்கைக் கண்ட கண்கள் கம்பத்தடியில் நடப்பதைக் காண்பதில்லை. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சி மன்றத் தலைவர் கொடியேற்றுவது தடுக்கப்பட்டது. கைதுகள் நடந்தன, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். 2022இல், எந்த ஊராட்சியிலும் இப்படி நடக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, கொடி விதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சட்டம், குற்றம் நடந்து முடிந்த பிறகு வருவது. விழாவுக்கு முன்பே ஒவ்வோர் அலுவலகத்துக்கும் சுற்றறிக்கையாகப் போவது கொடி விதிதான். காவி மேலே இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லும் அந்தத் தாளில், ஏற்ற வேண்டியவரைத் தடுப்பதும் கொடிக்குச் செய்யும் அவமதிப்பே என்று ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. விதித்தொகுப்பு வெறும் நிர்வாக அறிவுரைதான் என்று அதே 2004 தீர்ப்பு சொல்லியிருக்கிறது.