வெட்டும் அசைவும்: பாப் ஃபாஸியின் திரை இயக்கம்

முன்னுரை

அமெரிக்க இசைநாடகத் திரைப்படங்களில் நடனத்தைப் படமாக்க ஃபிரெட் அஸ்டேர் ஓர் இலக்கணம் வகுத்தார். ஆடுபவரின் முழு உருவமும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். வெட்டுகள் மிகக் குறைவாக அமைய வேண்டும் என்பதே அது. அவரைப் போற்றிய நடனக் கலைஞர் பாப் ஃபாஸி (1927–1987), இயக்குநரானதும் இவ்விலக்கணத்தை மீறினார். இம்மீறல் நடனத்தைச் சிதைத்தது என்னும் கருத்து உண்டு. அது அவரது ஆடல்முறையிலிருந்தே கிளைத்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

உடலைப் பகுத்தல்

‘கிஸ் மீ கேட்’ (1953) படத்தின் நடன அமைப்பாளர் ஹெர்ம்ஸ் பான். எனினும் கரோல் ஹேனியுடன் தாம் ஆடும் சிறு பகுதியை ஃபாஸியே அமைத்தார். விரல் சொடுக்கு, சரிந்த தோள், சட்டென நின்றுவிடும் உடல் என உறுப்புகள் அதில் தனித்தனியே பேசுகின்றன. உடலை இவ்வாறு பகுத்துக் கண்டவருக்குப் படத்தொகுப்பு அயலான கருவியன்று. ஆயினும் அவர் இயக்கிய முதல் படமான ‘ஸ்வீட் சாரிட்டி’யில் (1969) ஜூம் நகர்வுகளும் உறைந்த சட்டகங்களும் ஆடலின்மேல் ஒட்டிய அணிகளாகவே நிற்கின்றன. படம் வணிக அளவிலும் தோற்றது.

பொருள் தரும் வெட்டு

1931ஆம் ஆண்டின் பெர்லினைக் களமாகக் கொண்ட ‘கேபரே’யில் (1972) வெட்டு பொருள் பெறுகிறது. மேடையில் ஒருவரையொருவர் அறைந்து ஆடும் வேடிக்கை ஆடல் நிகழ்கிறது. வெளியே விடுதி மேலாளரை நாஜிகள் தாக்குகின்றனர். இரண்டும் ஒரே தாளத்தில் மாறிமாறி வெட்டப்படுவதால், ஆடலை ரசித்த பார்வையாளர் தாக்குதலின் தாளத்துக்கும் உடன்பட்டுவிடுகிறார்.

கதைமாந்தர் பாடும் பாடல்களை விடுதி மேடைக்குள் அடக்கிய ஃபாஸி, ஒன்றை மட்டும் வெளியே, திறந்தவெளி மதுவகத்தில் வைத்தார். இளைஞன் ஒருவனின் அழகிய முகம் தெரிகிறது. படக்கருவி கீழிறங்கும்போது கையில் ஸ்வஸ்திகா பட்டை புலப்படுகிறது. மக்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து உடன்பாடுகின்றனர். முதியவர் ஒருவர் அமர்ந்தே இருக்கிறார். எவரும் ஆடாத இக்காட்சியே ஃபாஸியின் மிகச் சிறந்த நடன அமைப்பு. எழுதலும் எழாதிருத்தலுமே இதன் அடவுகள்.

இழப்பும் அதன் பயனும்

‘ஆல் தட் ஜாஸ்’ (1979) தொடக்கத்தில், தேர்வுக்கு வந்த பலரின் சுழற்சிகள் ஒரே சுழற்சியாகத் தொகுக்கப்படுகின்றன. தனியொருவரின் ஆடல் முழுமையாக நமக்குக் கிட்டுவதில்லை, இவ்விழப்பு மெய்யானது. ஆனால் ஒருவர் இடத்தில் மற்றொருவரை எளிதில் நிறுத்திவிடும் தொழிலின் கொடுமையை அவ்விழப்பே உணர்த்துகிறது.

முடிவுரை

அஸ்டேரின் இலக்கணம் ஆடுபவரின் திறனைக் காத்தது. ஃபாஸியின் வெட்டு, அத்திறன் எவ்வுலகில் யாருக்காகச் செலவாகிறது என்பதைக் காட்டியது. ‘ஸ்வீட் சாரிட்டி’ போல அப்பணியைச் செய்யாத இடங்களில் மட்டுமே அவரது வெட்டு குறையாகிறது.